இருபது விநாடி

2025 செப்ரெம்பர் 16, செவ்வாய்

எனக்கு அநியாயம் செய்யப்பட்டது. செய்தவர் பெனுவா, எங்கள் கல்லூரி ஃபுட்போல் அணியின் தலைமைக் கோச். உதைபந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் கனடிய ஃபுட்போல். இன்று பயிற்சிக்கு முன், பொடியன்கள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது, எல்லார் முன்னாலும், தாக்குதல் அணிக்கு பிளே சொல்லும், அதாவது அடுத்து யார் எங்கே ஓடுவது என்று சொல்லும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். பதினொரு வருடம் நான் செய்த வேலை. அவர் வந்து ஐந்து மாதம்.

காரணம் சனிக்கிழமை ஆட்டம். மூன்று முயற்சியில் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். இரண்டு முடிந்து, இரண்டு யார் மிச்சம். மூன்றாவதும் தவறினால் பந்து அந்த இடத்திலேயே போய்விடும், தூர உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடு என்றார். நான் ‘கொத்து’ சொன்னேன். பந்து பிடிப்பவர்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் குறுக்கே வெட்டி ஓடும் பிளே. பந்து எதிரணிக் கைக்குப் போனது. தோற்றோம். ஓம், தோற்றோம். இதே கொத்துதான் முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்று தந்தது.

இனி ஒவ்வொரு பிளேயும் அவர் வாயால்தான் போகுமாம். நான் வழக்கம்போல மைதானத்துக்கு மேலே கண்ணாடி அறையில் இருந்துகொண்டு, எதிரணி எப்படி நிற்கிறது என்று மட்டும் ஹெட்செற்றில் சொன்னால் போதுமாம்.

கோபம் வரவேண்டும். வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது.

செப்ரெம்பர் 17

மனைவி இந்திராதேவிக்குச் சொன்னேன். மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்டாள். “அறுபத்தேழு வயசில உங்களுக்கென்ன பந்து? விட்டிட்டு வாங்கோவன்.”

விடமாட்டேன் என்றேன்.

“அப்ப வீட்டுக்குள்ள மூஞ்சையை நீட்டாதேங்கோ.”

செப்ரெம்பர் 18

என் எண்பத்து நான்கு பிளேயில் இருபத்திரண்டை மட்டும் பெனுவா வைத்திருக்கிறார். நான் வைத்த பெயர்களையும் எடுத்துவிட்டார். கொத்து, ஒழுங்கை, பின்கதவு எல்லாவற்றுக்கும் இப்போது எண். ஹெயிற்றிப் பொடியன்களும் கியூபெக் பொடியன்களும் ஒழுங்கையை “ஒலூகா, ஒலூகா” என்று கத்துவதை எதிரணி வாய் பிளந்து பார்க்கும். இனி ‘பதினான்கு’.

புதிய தாளை அச்சடித்தது செலீன். மட்டக்களப்பு அருள்நேசனின் மகள். நாலு வருடமாக எனக்கு உதவிக் கோச். மைதான ஓரத்தில் நின்று, ஹெட்செற்றில் வரும் பிளேயைக் கைச்சைகையால் உள்ளே காட்டுவது அவள். தாளைத் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தக் கல்லூரியில் நான் நிலம் துடைக்க வந்தவன். கழித்துப்போட்ட பிளே புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். பிரெஞ்சு வாசிக்கப் பழகியதும் அவற்றில்தான். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

செப்ரெம்பர் 20, சனி

9–23. ஒன்பது புள்ளியும் உதைத்து எடுத்தவை.

மேலே வேறு வேலை இல்லாததால் விநாடி எண்ணினேன். நடுவர் விசில் ஊதியதிலிருந்து இருபது விநாடிக்குள் பந்து நகர வேண்டும். முன்பு நான் சொல்ல, செலீன் காட்ட, பந்தை எறியும் குவாட்டர்பேக் வுட்லிக்கு ஆறாவது விநாடியில் பிளே கிடைத்துவிடும். மிச்சம் பதினான்கும் அவனுடையது. எதிரணியைப் பார்ப்பான், ஒருவனை இடம் மாற்றுவான், பிடிக்காவிட்டால் பிளேயையே மாற்றுவான். இன்று நான் எதிரணி நிலையைச் சொல்ல, பெனுவா தாளைப் பார்த்து, யோசித்து, செலீனுக்குச் சொல்ல, அவள் காட்ட, பதினைந்து விநாடி. இரண்டு தடவை நேரம் முடிந்து தண்டனையும் வாங்கினோம்.

செப்ரெம்பர் 24

வுட்லியிடம் கேட்டேன்: அந்த இரண்டாவது முயற்சியில் வலது பக்கம் முழுக்க வெறுமையாகக் கிடந்ததே, காணவில்லையா? “நான் இப்போது அங்கே பார்ப்பதில்லை கோச் நகு, சைகை வருமென்று பெஞ்சைத்தான் பார்க்கிறேன்” என்றான். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. அதுதான் எழுதிவைக்கிறேன்.

செப்ரெம்பர் 27

3–17.

ஒக்ரோபர் 4, சனி

7–20.

முடிந்தபின் விநாடிக் கணக்கை ஒரு தாளில் எழுதி பெனுவாவிடம் கொடுத்தேன். நின்று வாசித்தார். மரியாதையான மனிதர்தான், அது வேறு. போன வருடம் உங்கள் பிளேயில் பத்தொன்பது பந்து எதிரணிக்குப் போனது, நான் எடுத்த பிறகு இரண்டுதான் போயிருக்கிறது என்றார். இந்த அணியை ஒழுங்காக்குவதற்காகத்தான் தன்னை எடுத்தார்களாம்.

வீட்டில் வந்து பார்த்தேன். எண் சரி. பத்தொன்பதுதான்.

பிழை விடாமல் இருப்பது ஓர் ஆட்டமா? தெரியவில்லை. சாப்பிட்டேன், படுத்தேன்.

ஒக்ரோபர் 8, புதன்

என் கார் திருத்தக் கொடுத்திருந்தேன். செலீன் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீடு வரை கொண்டுவந்து விட்டாள். நாற்பதாம் நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையவில்லை. நான் பெனுவாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தேன். பாதியில் சிரித்தாள்.

“அங்கிள், நாலு வருசமா நான் உங்களுக்கு எத்தின பிளே கீறித் தந்தன்?”

கனக்க என்றேன்.

“அதில எத்தினைய ஆட்டத்தில சொன்னீங்க?”

யோசித்துப் பார்த்தேன். அவளே சொன்னாள். “ஒண்டு. அதுவும் நாப்பது பொயின்ற் முன்னுக்கு நிக்கேக்க.”

அது வேற கதை என்றேன்.

“என்ன வேற? பெனுவா முகத்துக்கு நேர நோ எண்டு சொல்லுறார். நீங்க ‘நல்லாயிருக்கு பிள்ளை, இப்ப வேண்டாம், பேந்து பாப்பம்’ எண்டு சொல்லுவீங்க. நான் நாலு வருசமா பேந்துக்குள்ளதான் நிக்கிறன்.”

பிறகு வானொலியைப் போட்டாள். இறங்கும்போது மெர்சி என்றேன். ஏன் பிரெஞ்சில் சொன்னேன்?

ஒக்ரோபர் 9

நிலக்கீழ் அறையில் பச்சைக் கோப்பைத் தேடி எடுத்தேன். அவள் கீறியவை முப்பத்தொரு தாள். இருபத்தைந்தில் என் கையால் சிவப்பில் ‘பேந்து’ என்று எழுதித் திகதி போட்டிருக்கிறேன். ஆறு தாள் பிரிக்காமலே கிடந்தது.

பிரித்துப் பார்த்தேன். எல்லாம் நல்லதில்லை. நாலைந்து நல்லது. ஒன்று எனக்கு வந்திருக்காது.

இந்திராதேவி மேலிருந்து தேத்தண்ணி ஆறுது என்று கூப்பிட்டாள்.

ஒக்ரோபர் 11

6–10. இரண்டு வெற்றி, ஐந்து தோல்வி. அடுத்த சுற்றுக்குப் போக மிச்சம் இரண்டும் வெல்ல வேண்டும்.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

பெனுவா கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது, கல்லூரி நிர்வாகம் கதைத்திருக்கிறது. பிளே சொல்லும் வேலையைத் திருப்பித் தருகிறாராம். தானும் ஹெட்செற்றில் கேட்டுக்கொண்டிருப்பாராம், ஆபத்தானது என்றால் மட்டும் மறிப்பாராம்.

வேண்டாம் என்றேன்.

வேறு என்னதான் வேண்டும் என்று கேட்டார். செலீன் சொல்லட்டும் என்றேன். எங்கள் அணி பந்தோடு உள்ளே நிற்கும்வரை நீங்கள் ஹெட்செற்றைக் கழற்றிவைக்க வேண்டும் என்றும் சொன்னேன். நீங்களோ என்றார். எதிரணி எப்படி நிற்கிறது என்று மட்டும் சொல்லுவேன், அதைத்தானே சொல்லச் சொன்னீர்கள் என்றேன்.

ஓர் ஆட்டம் பார்ப்போம் என்றார். இரண்டும், இல்லாவிட்டால் நான் போகிறேன் என்றேன். எழுந்து கதவு வரை வந்துவிட்டேன். சரி என்றார்.

அவள் சொன்னது சரி என்பதால் செய்தேனா, அவருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதால் செய்தேனா? தெரியவில்லை. அவர் செய்தது அநியாயம். அதில் ஓர் எழுத்தும் மாற்றமாட்டேன்.

நான் அவளுக்குச் செய்ததற்கும் அதே சொல்தானா? எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஒக்ரோபர் 18, சனி

34–36.

தோற்றுவிட்டோம். அடுத்த சுற்று இல்லை.

ஐந்தாவது விநாடியில் வுட்லியிடம் பிளே இருந்தது. முதல் பத்து நிமிடம் அவன் வழக்கம்போல பெஞ்சைப் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை. மூன்று பந்து எதிரணிக்குப் போனது. எங்கள் பக்கத்து முப்பதாவது யாரில், மூன்றாவது முயற்சியில் ஒரு யார் மிச்சம் இருக்கும்போது, அவள் நீளமாக எறியச் சொன்னாள். செத்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். பந்தைப் பிடித்தவன் எழுபது யார் போனான். பெனுவா ஹெட்செற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், காதில் வைக்கவில்லை. அதையும் எழுதவேண்டும்.

மூன்றாம் கால்பகுதியில் என்னையறியாமல் ‘கொத்து’ என்றேன். “அங்கிள்” என்றாள். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசிப் பிளே அவள் பிழை. பின்னால் நின்ற எதிரணித் தடுப்பாளன் முன்னுக்கு வந்ததை நான் சொல்லிமுடிக்க முன் அவள் காட்டிவிட்டாள். மைதான ஓரத்தில் நிற்பவளுக்கு அது தெரியாது. மேலே இருந்திருந்தால் தானே கண்டிருப்பாள்.

என் உள்ளங்கை வேர்த்திருந்தது. வந்து கழுவினேன்.

ஒக்ரோபர் 21, செவ்வாய்

சனிக்கிழமை கடைசி ஆட்டம். வென்றாலும் ஒன்றுமில்லை. இன்று பெனுவா, செலீன், நான் மூவரும் இருந்து கதைத்தோம். செய்யவேண்டியவை:

பெனுவா: மூன்றாவது முயற்சியில் எப்போது உதைப்பது என்பதை வெள்ளிக்கிழமையே எழுதித் தரவேண்டும். ஆட்டத்துக்குள் மாற்றக்கூடாது. ஹெட்செற் போன சனிக்கிழமை போலக் கழற்றியபடி.

வுட்லி: தனக்குப் பிடித்த பத்து பிளேயைத் தெரிவுசெய்து வியாழனுக்குள் செலீனிடம் கொடுக்க வேண்டும். எண்ணோ பெயரோ, அவன் விருப்பம்.

செலீன்: மேலே, கண்ணாடி அறையில், என் கதிரையில் இருக்கவேண்டும். எதிரணியைப் பார்ப்பதும் அவள், பிளே சொல்வதும் அவள். பிரிக்காமல் கிடந்த ஆறு தாளையும் கொடுத்துவிட்டேன். எதை எடுப்பது என்று என்னிடம் கேட்கத் தேவையில்லை.

இந்திராதேவி: முழங்காலுக்குக் கட்டும் பட்டியைத் தேடித் தரவேண்டும். மூன்று மணித்தியாலம் நிற்கவேண்டியிருக்கும்.

நான்: கீழே, மைதான ஓரத்தில் நின்று, அவள் காதில் சொல்வதைக் கையால் காட்ட வேண்டும். சொன்னதை மட்டும். அறுபத்திரண்டு சைகை. இன்று வரை பத்தொன்பது பாடம். மிச்சத்தை வெள்ளிக்குள் பாடமாக்க வேண்டும்.