லேபிள் இல்லாத டப்பாக்கள்

அன்பு மகள் ஜோவித்தாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கடவுள் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறோம், ஹாங்காங்கில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா ஞாயிறுதோறும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறாள். புயலில் சாய்ந்த போன் கோபுரத்தை இன்னும் யாரும் நிமிர்த்தவில்லை, அதனால் அங்கிருந்து ஊரைப் பார்த்துப் போக ஓடிவந்த உன் தோழி மெர்லிட்டா திரும்பும்போது அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள்தான் சொன்னாள், வெள்ளச் செய்தி கேட்டு நீ அழுதாயாம், அம்மா சேர்த்து வைத்ததெல்லாம் போயிற்று, இனி என்ன சாப்பிடுவார்கள் என்றாயாம், கிறிஸ்துமஸோடு முடிகிற வேலைக்கு இன்னும் இரண்டு வருஷம் கையெழுத்துப் போடப் போகிறாயாம். கொஞ்சம் பொறு மகளே, இதைப் படித்துவிட்டுப் பேனாவை எடு.

அம்மாவின் கை உனக்குத் தெரியாததல்ல. கடைக்குப் போனால் தின்ன ஒரு டப்பா, மழைக்கு ஒரு டப்பா. என் மூன்று சக்கர வண்டிக்குச் சவாரி கிடைக்காத வாரம் மழைக்கு வாங்கமாட்டாள், ஆனால் வாங்கி வைத்ததைத் தொடவும் மாட்டாள். மலிவாய்க் கிடைக்கிறதே என்று நம் வாய்க்குப் பிடிக்காத சாமானைத் தூக்கிவரவும் மாட்டாள். புதியதைப் பின்னால் தள்ளிப் பழையதை முன்னால் இழுப்பாள், நீ பெட்டியில் போட்டு அனுப்புவதையும் அதே வரிசையில் சேர்த்துவிடுவாள். "என்ன கன்சிங், சண்டைக்கா ஆள் சேக்குற?" என்று நான் எத்தனை முறை கேலி பண்ணியிருப்பேன். "வயிறு என்ன நாள் பாத்தாய்யா பசிக்குது? நீ பேசாம போய் வண்டியத் தொடச்சு வை" என்பாள்.

தண்ணீர் ஏறிய அன்று அரிசி டிரம்மை மட்டும் பரணில் ஏற்ற முடிந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த டப்பாக்கள் முழுகிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் அம்மா சேற்றில் கைவிட்டு ஒவ்வொன்றாய் எடுத்தாள், உப்பியதையும் ஒழுகியதையும் கொல்லையில் புதைத்தாள், மீதியை பிளீச்சிங் தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்தாள். எல்லாம் பளபளவென்று நின்றன, ஒன்றிலாவது லேபிள் இருக்கவேண்டுமே, இல்லை. அன்றிலிருந்து நம் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுப்பு மூட்டிய பிறகுதான் தெரிகிறது.

முதல் நாள் மத்தி மீன்தான் என்று நான் அடித்துச் சொன்னேன், அம்மாவும் நம்பி, பூண்டும் வெங்காயமும் சிவக்க வதக்கிவிட்டாள், டப்பாவைத் திறந்து கவிழ்த்தால் சர்க்கரைப் பாகில் அன்னாசித் துண்டும் செர்ரிப் பழமும். நான் முழிக்க, "காசு குடுத்து வாங்குனது, முழுங்கு" என்றாள். பக்கத்து வீட்டுப் பாசிங் அத்தைக்கும் ஒரு கிண்ணம் போயிற்று, அந்த மகராசி மறுநாள் வந்து இதை எப்படிச் செய்தாய் என்று பக்குவம் கேட்கிறாள். திறக்காமலே உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கும் பைத்தியம் எனக்கு அப்போது பிடித்தது, இன்னும் விடவில்லை. அம்மா காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துச் சொல்கிறாள், மத்தி சளக் என்னும், பீன்ஸ் மொத்து மொத்தென்று விழும் என்கிறாள். எனக்கு அந்தக் காது இல்லை, ஆகவே பழைய கதவுப் பலகையைச் சாய்த்து வைத்து டப்பாவை உருட்டுகிறேன். உள்ளே பாலோ பாகோ இருந்தால் விறுவிறுவென்று ஓடுகிறது, இறைச்சியைத் திணித்திருந்தால் யோசித்து யோசித்து இறங்குகிறது. ஏன் அப்படி என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, நீ வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளின் வாத்தியாரைக் கேட்டு எழுது. சாயங்காலமானால் தெருவே நம் வாசலில் கூடிவிடுகிறது, தோற்றவர் பாத்திரம் கழுவவேண்டும் என்று சட்டம், என் கைதான் அதிகம் தேய்கிறது.

இதையெல்லாம் விளையாட்டுக்கு எழுதுகிறேன் என்று நினைக்காதே. வெள்ளம் வடிந்ததிலிருந்து உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் தவிர நாங்கள் கடைப் படி ஏறவில்லை. வண்டியும் மறுபடி ஓடுகிறது, போன வாரம் உப்பு வாங்கப் போன இடத்தில் அம்மா மழைக்கும் ஒரு டப்பா வாங்கிவிட்டாள். மெர்லிட்டா சொன்னதைக் கேட்டதும் அவள், "எங்க வயித்துக்காகன்னு அவ கையெழுத்துப் போட்டா, நான் இத்தன வருஷம் சேத்ததுக்கு என்னய்யா அர்த்தம்? இன்னொரு தட்டு வச்சாலும் தாங்கும்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன். அங்கே இருக்க உனக்கே ஆசையாக இருந்தால் இரு, நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம், ஆனால் எங்கள் சோற்றுக்காக இருக்காதே. எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு சங்கதி. ஒரே ஒரு டப்பா எங்கள் இருவரையும் ஏய்க்கிறது. கனமாயிருக்கிறது, குலுக்கினால் சத்தமே இல்லை, உருட்டினால் பாதியில் நின்று யோசிக்கிறது. நீ அனுப்பியதுதான், அந்த வளையம் வைத்த மூடி நம் ஊரில் கிடையாது. பன்றித் தொடை என்று அம்மா, பாலாடைக்கட்டி என்று நான், இரண்டும் இல்லை என்று பாசிங் அத்தை. நேற்று பொறுக்கமாட்டாமல் வளையத்தில் விரலை விட்டுவிட்டேன், அம்மா கையிலிருந்து பிடுங்கி மேல் தட்டில் வைத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறவள், இதை மட்டும் வரிசையில் சேர்க்கவில்லை.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும், கை கால் சுகத்தோடு இரு, குளிருக்குக் காலுறை போடு. அந்த டப்பாவில் என்ன வைத்தாய் என்று உனக்கு ஞாபகம் இருந்தாலும் மெர்லிட்டாவிடம்கூடச் சொல்லி அனுப்பாதே. நீயே வந்து திற.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
எலாடியோ