ஓரத்தில் ஒரு மொட்டை மரம்

மார்ச் 9, ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை, இங்கே ஒப்புக்கொள்கிறேன். முதல் ஃபிலிம் ரோல் முழுவதையும் கேமரா மூடியைக் கழற்றாமலே எடுத்திருக்கிறேன். ஏரி, படகு, எதிர்க்கடைப் பலாப்பழம், நாத்தனார் முகம் — முப்பத்தாறும் ஒரே கறுப்பு. நாத்தனாருக்கு இதில் நஷ்டமில்லை.

இந்தப் பிளாஸ்டிக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை வேறு, படம் விழுகிற கண்ணாடி வேறு. மூடியிருந்தாலும் எனக்கு உலகம் பளிச்சென்றுதான் தெரியும். வீட்டுக்காரரிடம் ரோல் பழசு என்று சொல்லிவைத்தேன். எங்கள் காபித்தூள் கடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேலி செய்வதுதான் அவருக்கு முழுநேர வேலை.

"ஏந் தேவி, கையில ஃபோன் இருக்குது. அமுக்குனா படம் வருது. இதென்ன வேண்டுதலா?"

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஃபோனில் எடுத்தால் நாலு தலை கூடி, "கன்னம் பெருசாத் தெரியுது, அழிச்சுருங்க" என்கிறது. ஃபிலிமிடம் யாரும் கெஞ்ச முடியாது. அதுவுமில்லாமல், கழுவி வரும்வரை எடுத்த படமெல்லாம் நல்ல படம்தான். ஐம்பது வயதில் இப்படிப் பத்து நாள் பெருமை வேறு எதில் கிடைக்கிறது?

மூடியைச் சிவப்பு நூலில் கேமராவோடு கட்டிவிட்டேன். கழற்றினால் தொங்கும். தொங்கினால் கழற்றியாயிற்று. இனி அந்தத் தவறுக்கு வழியே இல்லை.

மார்ச் 14

மழை. பத்து நாளில் காபி பூக்கும்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற சிங்கராயர், சர்ச் ஹாலில் படக் கண்காட்சி வைக்கிறார். ஃபிலிம் படம் மட்டும், ஆளுக்கு ஒன்று. "ஃபோன் படம் கொண்டுவந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவேனுங்க" என்றார். அவசரப்பட்டு, முதல் பரிசு எனக்குத்தான் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

கவிப்பிரியாவோடு கொட்டச்சேடு காபித் தோட்டத்துக்குப் போனேன். தலைச்சோலை கிராமத்துப் பெண், இங்கே ஓட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறாள். அவளிடமும் ஒரு பழைய ஃபிலிம் கேமரா. சரிவு முழுக்க வெள்ளை. மல்லிகை வாசம், தேனீ இரைச்சல். நான் சரிவில் இறங்கி அரை மணியில் ரோலை முடித்தேன். அவள் ஒரு படத்துக்கு இருபது நிமிடம் மேட்டிலேயே நின்றாள். பூவே உதிர்ந்துவிடும் போலிருந்தது.

பஸ்ஸில் சொன்னாள்: "ஏற்கனவே மூணு ரோலு வீணுங்க்கா. இதும் வரலைன்னா கேமராவ வித்துருவேன். ஊட்ல திட்டு தாங்கல."

மார்ச் 25

இரண்டு ரோலையும் சேலம் லேபுக்குப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். டப்பா மேல் எங்கள் பெயர்களைக் கொட்டை எழுத்தில் நான்தான் எழுதினேன். போகுமுன் இரண்டையும் திறந்து ரோலை வெளியே எடுத்து, "பாருங்க, இதுதான் ஃபிலிம்" என்று கண்டக்டருக்குப் பாடம் வேறு நடத்தினேன். "பார்க்க மாத்திரை டப்பா மாதிரி இருக்குது" என்றார். ரசனையற்ற மனிதர்.

ஏப்ரல் 2

லேபிலிருந்து ஃபோனுக்கு வந்துவிட்டது! முப்பத்தாறும்! ஓட்டல் மாடிப்படியை எப்போது எடுத்தேன் என்று ஞாபகமில்லை. திறமை என்றால் அப்படித்தான், நமக்குத் தெரியாமலே வேலை செய்யும். காபிப்பூச் சரிவுப் படம் ஒன்று — என்ன சொல்ல! ஃபோனில் பார்க்கும்போது இடது ஓரத்தில் ஒரு மொட்டை மரம் உறுத்துகிறது. போகட்டும்.

பாவம் கவிப்பிரியா, அவள் ரோலில் ஒன்றுமே விழவில்லையாம்.

ஏப்ரல் 3

கடைக்கு வந்து அழுதாள். "அவசரப்படக் கூடாது கண்ணு, பொறுமை வேணும்" என்றேன். நான்! அவளிடம்!

ஏப்ரல் 8

சிங்கராயர் படத்தைப் பார்த்து அசந்துவிட்டார். "அந்த மொட்டை மரம்தானுங்க படத்துக்கு உசுரு." அதற்காகவே காத்திருந்து எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 11

கவிப்பிரியா கேமராவை விற்க விலை பேசிவிட்டாளாம். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு ஒருவர் சேலத்திலிருந்து வந்து வாங்கிப்போகிறார். மனசு கேட்கவில்லை. ஆனால் பரிசு அன்றைக்குத்தானே என்ற நினைப்பும் கூடவே வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

என் படத்தைக் கதவு அளவுக்கு அச்சிட்டு மாட்டியிருந்தார்கள். கீழே "தேவகுமாரி, முதல் பரிசு". கிட்டே போனேன்.

மொட்டை மரம் ஸ்வெட்டர் போட்டிருந்தது.

பழுப்பு ஸ்வெட்டர். வலது முழங்கையில் ஒட்டு. அந்த ஒட்டை நானேதான் தைத்தேன். நான்தான், கண்ணில் கேமராவை வைத்துக்கொண்டு. நான் எடுத்த படத்தில் நான் எப்படி நிற்பேன்? ஓட்டல் மாடிப்படி... டப்பா... அய்யோ, ரெண்டையும் தொறந்து காட்டுனேனே! எதை எதுல போட்டேன்?

மணி பதினொன்றேகால். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? இப்படி ஒரு நிமிடம் நினைத்தேன். சரி, மூன்று நிமிடம். பிறகு ஃபோன் செய்தேன். "டப்பா மாறிப்போச்சு, கேமராவக் குடுத்துராத சாமி, ஹாலுக்கு ஓடியா!"

அவள் வருவதற்குள் பெயர்ச்சீட்டை உரித்து, கவிப்பிரியா என்று எழுதி ஒட்டினேன். சிங்கராயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சீட்டைப் படித்தார். வீட்டுக்காரர் தோள் குலுங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூச்சிரைக்க வந்தவள், கேமராவைக் கழுத்தில்தான் மாட்டியிருந்தாள். தன் பெயரைப் பார்த்தாள். பிறகு படத்தில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினாள்.

"உங்க ரோலு ஏன் வெறுசா வந்துச்சுன்னு இப்பத்தானுங்க்கா தெரியுது."

அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். சிவப்பு நூல் இருக்கிறது. மூடி தொங்கவில்லை.