மாண்டரின் மீனுக்கு ஐந்து வேளை

நவம்பர் 11

மழை விடவில்லை. எங்கள் கீலுங் ஊரில் இது ஒரு செய்தியே இல்லை. பள்ளிச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு முட்டைக்கோஸ் வதக்கிவிட்டு, கையில் எண்ணெய் வாடையோடு தம்பி வீட்டுக்குப் போனேன். என் தம்பி செங்ஹாவ் போய் இன்றோடு முப்பது நாள். நாற்பத்தொரு வயது. துறைமுகத்தில் கிரேனிலிருந்து இறங்கி வந்தவன், தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தானாம். அவ்வளவுதான்.

வாடகை வீடு. டிசம்பர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். துணிமணி மடித்தாயிற்று, பாத்திரம் கட்டியாயிற்று. மீன்தொட்டிதான் பாக்கி. ஆள் நீளக் கடல்நீர்த் தொட்டி. பவளம், பாறை, நான்கு கோமாளி மீன், அப்புறம் அவன் உயிராக வைத்திருந்த மாண்டரின் ஜோடி. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். நீலத்தில் ஆரஞ்சு நூல் வைத்துத் தைத்தது போன்ற உடம்பு. பாறையோரமாக நின்று நின்று எதையோ கொத்திக்கொண்டே இருக்கும்.

இவை கடலில் பிடித்தவை அல்ல, தொட்டியில் பொரிந்து வளர்ந்தவை. அவன் சொல்வான்: "கடல்ல புடிச்சதுங்க தொட்டிக்கு வந்தா பட்டினி கிடந்தே சாகும்க்கா. இதுங்க நாம குடுக்கிறதத் திங்கும். ஆனா பக்கத்துல நின்னு குடுக்கணும்."

நான் எங்கே நிற்பது? தானாகத் தீனி போடும் பெட்டி ஒன்று மேலே மாட்டியிருக்கிறது. அது போடுகிறது.

நவம்பர் 14

பெட்டியிலிருந்து விழுவதைக் கோமாளி மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்கின்றன. மாண்டரின் இரண்டும் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பெண் மீனின் வயிறு உள்ளே போயிருக்கிறது. தலைக்குப் பின்னால் முதுகு கத்தி முனை போல் இருக்கிறது.

தண்ணீரும் குறைந்துகொண்டே வருகிறது. உப்புப் பையிலிருந்து கலக்கி ஒரு வாளி ஊற்றினேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வாளி, இந்த ஒரு மாதமாக. கடல் மீன்தானே.

நவம்பர் 16

பவளம் எல்லாம் சுருங்கி மூடிக்கொண்டிருக்கிறது. ஏன்?

நவம்பர் 18

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இந்த நோட்டை வைத்திருந்து என்ன பயன்.

அந்த வீட்டில் தம்பி தனியாக இல்லை. குவோயென் இருந்தான். ஒன்பது வருடம். நண்பன், வாடகையைப் பங்கு போடுகிறான் என்றுதான் அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தோம். வசந்த காலத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளப் போகிறோம் என்று தம்பி என்னிடம் மட்டும் சொன்னான். அப்பாவின் காதில் போட ஒரு நல்ல நாள் பார்க்கச் சொன்னான். நான் பார்க்கவே இல்லை.

பெற்றவர்கள் பிள்ளையை வழியனுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டார். சவச்சடங்கு முழுக்க என் கையில். குடும்பத்தார் சட்டைக் கையில் குத்திக்கொள்ளும் துக்கத் துணியைக் குவோயென் கேட்டான். சத்தமாகக்கூட இல்லை, கையை மட்டும் நீட்டினான். நான் தரவில்லை. நண்பர்கள் வரிசையில் போய் உட்காரச் சொன்னேன். அவனும் போய் உட்கார்ந்தான்.

ஏழாம் நாள் முடிந்ததும் குவோயெனிடமிருந்து வீட்டுச் சாவியை வாங்கினேன். வாடகைப் பத்திரம் தம்பி பேரில். இரண்டு பெட்டியோடு இறங்கினான். தொட்டிக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தான், பொடி எழுத்தில், மீனுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று. எங்கள் வீட்டில் வந்து எனக்கு உத்தரவா என்று கிழித்துக் குப்பையில் போட்டேன்.

படிக்கவே இல்லை.

நவம்பர் 20

பெண் மீன் தரையை விட்டு எழும்பவில்லை. குவோயெனுக்குப் போன் செய்தேன். "யாரு?" என்று கேட்கவில்லை. "மீனுக்கு என்ன?" என்றான்.

அரை மணியில் வந்துவிட்டான், தலையெல்லாம் நனைந்து. மெலிந்திருந்தான். செருப்பைக் கழற்றிய கையோடு ஒரு சிறு கருவியில் தொட்டி நீரைச் சொட்டு விட்டு, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"அக்கா, குறைஞ்ச தண்ணிக்கு எத ஊத்துனீங்க?"

உப்புத் தண்ணீர் என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். காய்ந்து போவது தண்ணீர் மட்டும்தானாம், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடுமாம். உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டுமாம். தாளில் முதல் வரியே அதுதான் என்றான். தாளைக் காணோமே என்று சுற்றிப் பார்த்தான். ஈரத்தில் விழுந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

அக்கா என்று கூப்பிடுகிறான். தம்பி கூப்பிட்ட அதே இழுவையில்.

நவம்பர் 22

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாள் முழுக்க அங்கேயே இருக்கிறான். ஒரேயடியாக நல்ல தண்ணீரைக் கொட்டினாலும் மீன் தாங்காதாம். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறான்.

தீனி கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்களை நிறுத்துகிறான். தீனியை ஒரு மூலையில் போட்டுக் கோமாளிகளை அந்தப் பக்கம் இழுக்கிறான். பிறகு வாய் குறுகிய கண்ணாடிக் குப்பி ஒன்றைப் பாறையடியில் படுக்க வைத்து, நீண்ட குழாயால் குட்டி இறாலை அதற்குள் விடுகிறான். ஆண் மீன் மோப்பம் பிடித்தது போல மெல்ல மெல்லக் குப்பிக்குள் நுழைந்தது. ஒரு கொத்து. நின்றது. யோசித்தது. இன்னொரு கொத்து.

இந்த மீனுக்கு வயிறு என்று பெரிதாக ஒன்றும் கிடையாதாம், ஒரே வேளையில் நிறையத் தின்று வைத்துக்கொள்ள முடியாதாம். நாளைக்கு ஐந்து வேளை. காலையில் தம்பி, பகலில் இவன், சாயங்காலம் இரண்டு பேரும். வீட்டிலிருந்தே படம் வரையும் வேலையை இவன் எடுத்துக்கொண்டதுகூட அதற்காகத்தான் என்றான். "கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு புள்ளைக்குத் தாயாயிட்ட நீன்னு செங்ஹாவ் கிண்டல் பண்ணுவான்" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பெண் மீன் குப்பிப் பக்கமே வரவில்லை. இவன் முழங்காலில் உட்கார்ந்து அதன் வாய்க்கு நேரே ஒவ்வோர் இறாலாக விட்டுக்கொண்டிருந்தான். அது கண்ணை மட்டும் உருட்டியது.

நவம்பர் 24

பெண் மீன் செத்துவிட்டது.

நவம்பர் 25

வேலைக்குப் போகவில்லை. சோறு இறங்கவில்லை.

நேற்று அவன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்று அழுததை எழுத முடியவில்லை. செத்தும் நிறம் போகவில்லை. செங்ஹாவ் செத்தபோது குவோயென் இப்படி அழவில்லை. அழ நான் எங்கே இடம் விட்டேன்? நாலாவது வரிசையில் அடுத்தவர்கள் நடுவில் உட்கார வைத்தேன்.

நான் சொல்லிவிட்டேன். தாள் ஈரத்தில் விழவில்லை, கிழித்தேன், படிக்காமலே கிழித்தேன் என்று.

அவன் மோட்டார்களை நிறுத்தினான். பிறகு, "தெரியாமத்தானே செஞ்சீங்க, விடுங்க" என்றான்.

"மீனுக்குச் செஞ்சதுதான் தெரியாம. உனக்குச் செஞ்சது தெரிஞ்சுதான்."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை அக்கா, பரவாயில்லை அக்கா என்பான் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். அவன் சொல்லவில்லை. "ஆமா" என்றான். "தெரிஞ்சுதான்." தீனிக் குழாயைக் கழுவி எடுத்தான். ஆண் மீனுக்கு நாலாவது வேளைத் தீனி போடும் நேரம் ஆகிவிட்டிருந்தது.

டிசம்பர் 3

தொட்டியில் உப்பு சரியாகிவிட்டது. பவளம் இரண்டு மூன்று விரிந்திருக்கிறது. மற்றது செத்ததுதான்.

டிசம்பர் 5

ஆண் மீன் சாயங்கால வெளிச்சம் மங்கும் நேரத்தில் முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு பாறையைச் சுற்றுகிறது. தினமும் அந்த நேரத்தில் இரண்டும் உடம்போடு உடம்பு ஒட்டி மேலே எழும்புமாம். இப்போது தனியாகச் சுற்றிவிட்டு, தனியாக எழும்பி, தனியாக இறங்குகிறது. குவோயென் அந்த நேரத்தில் சமையல் மேடைப் பக்கம் போய் நின்றுகொள்கிறான்.

டிசம்பர் 12

ஞாயிறு. அப்பா வீட்டில் சாப்பாடு. முப்பது வருடம் கணவாய் மீன் பிடிக்கும் படகில் போனவர், இப்போது முழங்கால் மடங்குவதில்லை. தொட்டியை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். குவோயென் எடுத்துப்போகிறான் என்றேன். தாய்ச்சுங்கில் அவன் அண்ணன் வீட்டில் ஓர் அறை கிடைத்திருக்கிறது.

"அவன்கிட்டதான் இருக்கணும்" என்றார் அப்பா.

சாதாரணமாகச் சொன்னார். கிண்ணத்தைக் கீழே வைத்தேன். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். போன வருடம் தம்பிக்குக் கொடுக்கக் கணவாய் வாங்கிக்கொண்டு நாலு மாடி ஏறினாராம். கதவு திறந்திருந்ததாம். உள்ளே இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பேசவில்லை, தொடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். அப்பா கணவாயை வாசலில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

"உங்கம்மாவும் நானும் அப்படித்தான் உக்காந்திருப்போம்."

அப்புறம் கேட்டார், சடங்கில் அவன் எங்கே நின்றான் என்று. சொன்னேன். உங்களுக்காகத்தான் அப்பா என்றும் சொன்னேன்.

"எனக்காகன்னு உன்கிட்ட யாரு சொன்னா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். உள்ளே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "நான் அன்னிக்கு உள்ள போயிருக்கணும்" என்றார். "போயிருந்தா நீயும் பயந்திருக்க மாட்ட."

டிசம்பர் 27

வண்டி வந்து தொட்டியை ஏற்றிப் போனது. ஆண் மீன் மட்டும் தனி டப்பாவில், ரயிலில், குவோயெனின் மடியில். அப்பா சொன்னதையெல்லாம் அவனிடம் சொன்னேன். நடைமேடையில் நின்று கேட்டுக்கொண்டான். துக்கத் துணி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"இப்ப எதுக்குக்கா?"

சரிதான். இப்போது எதற்கு? கைப்பையில் திரும்ப வைத்துக்கொண்டேன். ரயில் வந்ததும் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினான், எனக்குக் கையசைக்க அவனுக்குக் கை இல்லை.

ஜனவரி 8

அவனிடமிருந்து ஒரு படம். மீன் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. வயிறு நன்றாக உருண்டிருக்கிறது. ஓர் எழுத்துகூட எழுதவில்லை.

ஜனவரி 19

நூறாம் நாள். அஸ்தி மாடத்துக்கு அப்பாவும் வந்தார். இந்தப் படிகளில் ஏற வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. குவோயெனை அழைத்திருந்தோம். வரவில்லை. ஆனால் மாடத்தின் முன்னால் வெள்ளைச் சாமந்தி வைத்திருந்தது, காலையில் வைத்தது போல. எங்களைப் பார்க்காமல் வந்துவிட்டுப் போயிருக்கிறான்.

திரும்பும் வழியில் மீன்சூப் கடையில் உட்கார்ந்தோம். அப்பா ஒரு வாய் குடித்தார், கரண்டியை வைத்தார்.

"சாப்பிடுதா, சாப்பிடுறானா?"

நன்றாகச் சாப்பிடுகிறது, வயிறு உருண்டுவிட்டது, படம் காட்டுகிறேன் என்று போனை எடுத்தேன்.

"மீனைப் பத்தி மட்டும் கேக்கல" என்றார்.

அங்கேயே குவோயெனுக்கு எழுதினேன்: நீ சாப்பிடுகிறாயா என்று அப்பா கேட்கிறார்.

படித்துவிட்டான் என்ற குறி வந்தது. அப்பா சூப் ஆறும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை எழுதும் வரைக்கும் பதில் இல்லை. நாளைக்கும் கேட்பேன்.