பாய் சம்மதிக்காத இத்தாலிப் பயணம்

பாய், நேற்று உன் வீட்டு அடுப்படியில் நான் சோப்பைக் கடித்துவிட்டேன்.

சிரி, சிரி. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகுகிறது என்று அண்ணி போன் பண்ணியிருந்தார்கள். உன் பேட்டையான பபேடானில் நேற்றும் கரண்டு இல்லை. மூன்று மாடி ஏறி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மல்லாக்கப் படுத்து, வாஷரை மாற்றிவிட்டு எழுந்தேன். மேசைமேல் உன் பழைய பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது. உள்ளே உன் மூக்குக்கண்ணாடி, உன் அளவு டேப், மெல்லிய காகிதத்தில் சுற்றிய மஞ்சள் உருண்டை ஒன்று. எலுமிச்சை வாசனை ஆளைத் தூக்கியது. மிட்டாய் என்று நினைத்துவிட்டேன். கேட்காமல் எடுத்து வாயில் போடும் உரிமை உன் வீட்டில் எனக்கு முப்பது வருஷமாக உண்டே! ஒரே கடி. வாயெல்லாம் நுரை.

"ஐயோ மாணிக்கம் தம்பி, அது சோப்பு!" என்று அண்ணி கத்தினார்கள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீ போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டது நேற்றுத்தான். அதனால் சோப்பு தின்றதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

என் மகள் திலகா இத்தாலிக் கடற்கரையிலிருந்து உனக்கென்று வாங்கி வந்தாளே, அந்தச் சோப்பு. "நான் சம்மதிக்காத ஊர்ச் சோப்புல நான் குளிக்கமாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினாய். சொன்னபடியே குளிக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. காகிதம்கூடக் கசங்காமல் வைத்திருந்திருக்கிறாய். வீம்பு பிடித்தவன் நீ. நான் மட்டும் குறைச்சலா? நீ கண்ணை மூடிவிட்டதால் நம் வாதம் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. நான் விடுவதாக இல்லை. உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து இது, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

திலகா படித்த பணக்காரப் பள்ளிக்கூடத்தின் மோட்டாரையும் குழாய்களையும் பார்த்துக்கொள்கிறவன் என்பதால்தான் என் மகளுக்கு அங்கே இடமே கிடைத்தது. மற்றப் பிள்ளைகள் காரில் வந்து இறங்குவார்கள். இவள் எங்கள் பேட்டை தின்கன்ஜூனிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவாள். அந்த வருஷம் பள்ளிக்கூடம் ஒரு கூட்டத்தை இத்தாலிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ரோம், எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த பொம்பெய் என்ற பழைய நகரம், அதற்கப்புறம் கடற்கரை. கட்டுரை நன்றாக எழுதும் ஒரு பிள்ளைக்கு மட்டும் இலவசம். எந்தப் பழைய ஊரைப் பார்க்க ஆசை, ஏன் என்று எழுத வேண்டுமாம். மற்றவர்கள் ராஜாக்களையும் சண்டைகளையும் எழுத, இவள், மோட்டார் இல்லாத காலத்தில் ஒரு நகரம் தண்ணீரை எப்படி வீடுவீடாகக் கொண்டுபோனது என்று பார்க்க வேண்டும், என் அப்பாவுக்கு வந்து சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டாள். இடம் கிடைத்துவிட்டது. நான் அன்றைக்கு முழுவதும் கால் தரையில் படாமல் நடந்தேன். இத்தாலி இங்கிலாந்துக்குப் பக்கத்து ஊர் என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

நேராக உன் குழாய்க் கடைக்குத்தான் ஓடி வந்தேன். நீ முழங்கை மாதிரி வளைந்த எல்போக்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாய். கேட்டுவிட்டு நிமிரவே இல்லை.

"பதினஞ்சு வயசுப் பொட்டப்புள்ள. அனுப்பாதே மாணிக்கம்."

"டீச்சருங்க நாலு பேரு கூடப் போறாங்க பாய்."

"நாப்பது பேரு போகட்டும். வெளிய போன புள்ள திரும்பாது. கால் ஒருக்கா அந்த மண்ணுல பட்டுருச்சுன்னா இங்க ஒட்டாதுப்பா."

"பத்து நாள் பாய்! பத்தே நாள்!"

"என் மவனும் ரெண்டு வருஷம்னுதான் சொல்லிட்டுப் போனான்."

கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மகிழ்ச்சியில் வந்தவனுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வாய் முந்திக்கொண்டது. "உன் மவன் திரும்பாததுக்கு என் மவ என்ன பண்ணுவா?" என்று கேட்டுவிட்டேன். நீ கையில் இருந்த முக்கால் அங்குல எல்போவை ஒரு அங்குலப் பெட்டியில் போட்டாய். முப்பது வருஷத்தில் நீ அளவு தவறியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்று வாரம் பேச்சு இல்லை. குழாய்ச் சாமானை வேறு கடையில் வாங்கினேன். எல்லாம் ஒழுகியது. நல்லா ஒழுகட்டும் என்று நீ சபித்திருப்பாய்.

நான் இறங்கி வரவில்லை, கவனித்துக்கொள். உனக்கு மட்டும் இல்லை, யாருக்கும் இறங்கவில்லை. என் மச்சான் வீட்டுக்கே வந்து, "பொண்ணை ஊர் சுத்த அனுப்பிட்டு நாளைக்குக் கோயில்ல எப்படித் தலை நிமிந்து நிப்பீங்க மாமா?" என்று கேட்டான். "கூரையில எங்க ஒழுகுதுன்னு பாத்துக்கிட்டு நிப்பேன்டா" என்றேன். இரண்டாயிரம் வருஷத்து ஊரை என் மகள் பார்க்கக் கூடாது என்று ஒரு காரணம் சொல்லுங்கள், பயத்தைத் தவிர வேறு காரணம் சொல்லுங்கள் என்று எல்லாரிடமும் கேட்டேன்.

அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன், கடைசியில் என் பெயரிலேயே தடுக்கி விழுந்தேன்.

பெற்றோர் சம்மதக் கடிதத்தில் அப்பா பெயர் எழுத வேண்டும். மகள் இத்தாலி போகிறாள், அப்பன் எழுதாமல் இருப்பானா? முத்து முத்தாக மாணிக்கம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் வீட்டுக்காரி ஒழுங்காகக் காகிதத்துப் பெயரைத்தான் எழுதியிருந்தாள். இங்கே பர்மாவில் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு பெயர், காகிதத்தில் ஒரு பெயர். அடையாளச் சீட்டிலும் குடும்பப் பட்டியலிலும் நான் ஊ டின் மௌங். அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் நானும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பேன், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று. திலகாவின் டீச்சர் கடிதத்தின் நகலைக் காட்டிக் கேட்டார். "இந்தப் பிள்ளையின் அப்பா ஊ டின் மௌங். சம்மதம் கொடுத்திருக்கும் இந்த மாணிக்கம் யார்?" விசாவுக்கு அந்தக் கடிதம் ஏற்கெனவே போய்விட்டதாம், மாற்றி எழுத முடியாதாம். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று, ரொம்ப வருஷம் பழகிய ஒருவரை வைத்து வக்கீலிடம் எழுதி வாங்கி வர வேண்டும். இரண்டே நாள். இல்லையென்றால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

திலகா அழவில்லை. "பரவால்லப்பா" என்றாள். அந்த ஒரு சொல்தான் என்னை அறுத்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் இந்தக் காலத்தில் அந்தச் சொல்லை எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டார்கள், பார்த்தாயா பாய்? பரவாயில்லையாம். எனக்குப் பரவாயில்லை இல்லை.

மச்சானிடம் போனேன். "உங்க பேருக்குச் சாட்சி சொல்லலாம் மாமா. அவ போறதுக்குச் சொல்லமாட்டேன்" என்றான். கோயில் கமிட்டிக்காரர் திருவிழா முடியட்டும் என்றார். அப்புறம் கால்கள் தாமாகவே உன் கடைக்கு வந்து நின்றன. நீ பேப்பர் படிப்பதுபோல் நடித்தாய். நான் சாமான் வாங்க வந்தவன்போல் நடித்தேன்.

"அரை அங்குல எல்போ ரெண்டு."

"வேற கடையில இல்லையா?"

"ஒழுகுது."

"ஒழுகும்." பேப்பரை ஒரு பக்கம் புரட்டினாய். "எல்போ வாங்க வந்த மூஞ்சியா இது? என்ன, சொல்லு."

சொன்னேன். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவும் வாயைத் திறந்தேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். ஷட்டரை இறக்கினாய், தொப்பியைப் போட்டாய், எனக்கு முன்னால் நடந்தாய். வக்கீல் வீடு வரைக்கும் விறுவிறு நடை. அந்த நடையை வைத்தே நான் ஒரு புத்தகம் எழுதலாம், படிப்பு மட்டும் இருந்திருந்தால்.

வக்கீல் பர்மியில் கேட்டார், இவரை உங்களுக்குத் தெரியுமா என்று.

"தெரியும். மாணிக்கம்னு கூப்பிட்டா சண்டைக்கு வருவான். டின் மௌங்னு கூப்பிட்டா காதுலயே வாங்கமாட்டான். ரெண்டும் இவன்தான்."

"மகளை அனுப்ப இவர் சம்மதிக்கிறாரா?"

"அவன் சம்மதிக்கிறான். நான் சம்மதிக்கல. அதையும் எழுதிக்கங்க."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சம்மதிக்காதவர் ஏன் சாட்சிக்கு வந்தீர்கள் என்றார். "கேட்டது இவன் யாருன்னுதானே? அதுக்குப் பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். அழுத்திப் போட்டதில் காகிதமே கொஞ்சம் கிழிந்தது.

அந்தக் கையெழுத்தில்தான் அவள் போனாள் பாய். நீ சம்மதிக்காத பயணத்துக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நீதான். இதை உன் முகத்துக்கு நேராக ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், இப்போது ஆயிரத்தோராவது.

அவள் போய் ஐந்தாம் நாள் படம் வந்தது. நம் இணையம் படத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் இறக்கியது. உன் கடையில் கவுன்டருக்கு மேல் இரண்டு தலையும் முட்டிக்கொள்ளக் குனிந்து பார்த்தோம். பொம்பெய் தெரு ஓரத்தில், கல்லை ஒட்டி, ஈயக் குழாய் ஒன்று பாதி மண்ணில் படுத்திருந்தது. தெருமுனையில் கல்தொட்டி. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் கை ஊன்றி ஊன்றித் தொட்டியின் விளிம்பு பள்ளமாகிவிட்டது என்று கீழே எழுதியிருந்தாள். கூடவே, "அப்பா, ஜாயின்ட்டைப் பாருங்க."

பார்த்தோம். நீ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். "எரிமலை மேல வுழுந்தும் நிக்குது. நீ போன மாசம் போட்டது பூனை தாண்டினதுக்கே பேந்துருச்சு" என்றாய். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த படத்தில் கடல். இடுப்பில் கட்டிய லோஞ்சியை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்கிறாள். அவள் பின்னால் மலைச்சரிவு முழுக்க எலுமிச்சைத் தோட்டம். நீ படபடத்தாய். "தண்ணிக்குள்ள ஏன் எறங்குறா? அந்த டீச்சருங்க எங்க? போன் பண்ணி மேல ஏறச் சொல்லு!" அது நேற்றைய படமோ என்னவோ, இப்போது சொல்லி என்ன என்றேன். "அப்பயும் சொல்லு" என்றாய்.

அங்கே போய் என்னத்தைக் கண்டாள் என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இடிந்த சுவரைப் பார்க்க விமானமா, இங்கேயே வேண்டியது இருக்கிறதே என்கிறார்கள். அவர்களுக்கு நான் விளக்கம் சொல்வதில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். கரண்டு வந்தால்தான் தண்ணீர் என்று வளர்ந்த பிள்ளை, உயரத்திலிருந்து தானாக இறங்கித் தெருத்தெருவாகத் தண்ணீர் ஓடிய ஊரில் நடந்தாள். அது என் மகளுக்கு அதிகம் என்று நினைக்கிறவன் என் வீட்டுக் குழாயைத் தொட வேண்டாம், நானும் அவன் வீட்டுக் குழாயைத் தொடமாட்டேன்.

போன மழைக்காலத்தில் நீ போனாய். சொல்லாமல், ஷட்டரை இறக்குவதுபோல் ஒரே இழுப்பில். இப்போது என் மேசையில் மறுபடியும் ஒரு படிவம் இருக்கிறது. திலகாவுக்குத் தண்ணீர் சம்பந்தமாகவே படிக்க வேண்டுமாம், வெளிநாட்டில், நாலு வருஷம். இந்தத் தடவை பத்து நாள் இல்லை. டின் மௌங் என்று சரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மச்சான் மறுபடி வந்தான், மறுபடி போனான். அனுப்பாதே என்று எல்போவைப் பிரித்துக்கொண்டே சொல்ல மட்டும் ஆள் இல்லை. நீ எதிரே நின்றால் எனக்குத் தைரியம் தானாக வரும். இப்போது அதையும் நானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேடிக்கொள்கிறேன். அனுப்பத்தான் போகிறேன்.

ஒன்றை மட்டும் உன்னிடம் நான் சொல்லவே இல்லை.

அவள் திரும்பி வந்த காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நீயும் என்னோடு மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு வந்தாய். மடியில் அண்ணி கட்டிக்கொடுத்த பிரியாணி. வழி முழுக்க, "வராம இருந்தா என்ன பண்ணுவே? சொல்லு, என்ன பண்ணுவே?" என்று நச்சரித்தாய். "வருவா பாய், என் பொண்ணு" என்று நானும் சளைக்காமல் சொன்னேன். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு தடவையும் நீ எட்டிப் பார்த்தாய். பதினோரு வருஷமாக நீ அங்கே யாரைத் தேடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? அப்புறம் வெயிலில் கறுத்த முகத்தோடு, மூக்கு நுனி உரிந்து, பையை இழுத்துக்கொண்டு அவள் வந்தாள். நீ என் தோளை நசுக்கிப் பிடித்தாய். "வந்துட்டாடா! வந்துட்டா பாரு!" என்றாய். உன் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது, துடைக்கக்கூட உனக்குத் தோன்றவில்லை. "நான் சொன்னேன்ல!" என்று நான் விமான நிலையமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

கத்தினது அது. ஆனால் அந்தக் கதவு திறந்து அவள் முகம் தெரிந்தபோது, சந்தோஷம் வந்து சேர்வதற்கும் முன்னால் அவளைக் கேட்க என் நாக்கு நுனியில் வந்து நின்றது வேறு. மகனுக்காக அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்த உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வேன்? முழுங்கிவிட்டேன்.

இந்த ஊருக்கு ஏன் கண்ணு திரும்பி வந்தே?