கேட்காமல் செய்த உபகாரம்

மைசூர்,
5.1.1999

தம்பி நீலுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை. பிறகு எப்போதாவது வந்தால் சேர்த்து எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ சிரித்துச் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ சும்மா இருந்துதான் ஆகவேண்டும்.

உன்னை ரயிலேற்றிவிட்டு, இரண்டு நாள் டியூட்டி பார்த்து, நேற்றுதான் லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் ஒரு பென்குயின் உட்கார்ந்திருக்கிறது. விசைப்பலகைமேல் உன் சீட்டு: "அக்காவுக்குப் புத்தாண்டுப் பரிசு. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருக்கிறேன். இலவசம். வைரஸ் வராது. இன்றுமுதல் நீ யாருக்கும் அடிமை இல்லை."

நான் யாருக்கடா அடிமையாக இருந்தேன்? பெட்டி கொஞ்சம் மெதுவாக ஓடியது. நானும் மெதுவாக ஓடுகிறவள்தான். நாற்பத்தெட்டு வயது நர்ஸை அப்படியே அழித்துவிட்டுப் புதுசாக ஒருத்தியைப் போட்டுவிடுவாயா?

அதில் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்லியிருந்தேன். கிறிஸ்துமஸ் அன்று கறி தின்றுகொண்டே தலையாட்டினாய். ஊதுபத்திக் கம்பெனியில் வேலை செய்து மூச்சு கெட்டுப்போன முப்பத்தொரு பெண்களின் வாக்குமூலம். நவம்பர் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர்கள் பேசுகிற தமிழிலேயே அடித்து வைத்தேன். வருகிற பத்தாம் தேதி எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்குவதாக ஏற்பாடு. பிப்ரவரி 22-ல் தொழிலாளர் கோர்ட்டில் கேஸ்.

நீ பைல்களை அழிக்கவில்லை, தெரியும். எல்லாம் அப்படியே இருக்கின்றன. திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழாக இல்லை. கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கிறது. ஏனென்றால் நான் அடித்தது கொர்னேலியஸ் அண்ணன் தன் அக்ரஹாரத்து அச்சுக்கடையில் உட்கார்ந்து, மாதாகோயில் அறிக்கைக்காகத் தானே செய்த எழுத்துருவில். அது பெட்டியில் இருந்தால்தான் தமிழ் தெரியும். பெட்டியில் இருந்ததை நீ துடைத்துவிட்டாய். பிளாப்பியில் வைத்திருந்த ஒரே ஒரு நகலை, 'கொர்னேலியஸ்' என்று நான் பெயர் ஒட்டி வைத்திருந்ததை, அழித்து உன் லினக்ஸைத் தொடக்கிவிடும் பிளாப்பியாக ஆக்கியிருக்கிறாய். அந்த மனிதர் போன ஆகஸ்டில் இறந்துவிட்டார். அவர் கம்ப்யூட்டரை மகன்கள் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். வேறு யாரிடமும் அது இல்லை.

ஞாயிறு அந்தப் பெண்கள் வருவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? என் தம்பி எனக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டான் என்றா?

மெட்டில்டா

*

சிங்கப்பூர்,
14.1.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதாவிட்டால் என்ன, நான் எழுதுகிறேன்: அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள.

நலம். அங்கும் கோபம் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்க வேண்டுகிறேன். தப்புதான் அக்கா. பிளாப்பி விஷயம் முழுக்க என் தப்பு. லேபிளில் கொர்னேலியஸ் என்று இருந்ததால் பழைய கோயில் பாட்டு ஏதோ என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும், அடிக்காதே. உன் பெட்டியில் நாற்பது வைரஸ் இருந்தது. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அதுவாகவே எல்லாவற்றையும் தின்றிருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்று போகிற பெட்டியோடு நீ மல்லுக்கட்டியதைப் பார்க்கச் சகிக்காமல்தான் செய்தேன். லினக்ஸ் உலகத்தில் யாரோ எவரோ சேர்ந்து, பூட்டுப் போடாமல், எல்லாருக்கும் திறந்து வைத்தது. உண்மையான பூட்டு உன் கொர்னேலியஸ் அண்ணன் போட்டது. தான் ஒருவருக்கு மட்டும் தெரிந்த மாதிரி எழுத்துகளை அடுக்கிவைத்துவிட்டு அவர் போய்ச்சேர்ந்தார். அதற்கும் நானா பொறுப்பு?

சரி, வழிக்கு வருகிறேன். ஒரு குப்பைக் குறிக்கு ஒரு தமிழ் எழுத்து. இது அதற்கு என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டால் மீட்டுவிடலாம். அதற்கு அந்த எழுத்துருவில் அச்சான ஒரு தாளும், அதே தாளின் பைலும் வேண்டும். பைல்கள் என்னிடம் இருக்கின்றன. கிளம்பும்போது பாதுகாப்புக்காக எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வந்தேன். அதில் அப்பா பெயரில் ஒன்று இருக்கிறது. அப்பாவின் நினைவு அட்டையை நீதானே அடித்தாய்? அந்த அட்டை ஒன்றை உடனே அனுப்பு. என்னிடம் இருந்தது வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

பென்குயின் பாவம், அது லினக்ஸின் சின்னம்தான், அதைத் திட்டாதே.

உன் தம்பி,
நீல்

*

மைசூர்,
25.1.1999

நீலுக்கு,

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு மூன்று அனுப்பினேன், ஒன்று பர்ஸுக்கு, ஒன்று பைபிளுக்கு, ஒன்று சுவருக்கு என்று. மூன்றும் வீடு மாறும்போது போய்விட்டதா? அப்பாவின் சாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய், நம்பினேன். முப்பதாம் நாளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய், அதையும் நம்பினேன். லினக்ஸ் போட மட்டும் உனக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

அதைவிட எனக்கு வயிறு எரிவது வேறு. நகல் எடுத்து வந்தேன் என்கிறாய். யாரைக் கேட்டு? நானும் வக்கீல் ரவிக்குமாரும் தவிர வேறு யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அந்தோணியார் படத்துக்கு முன்னால் நின்று அந்தப் பெண்களுக்குச் சொன்னேன். அவர்கள் அந்தோணியாரை நம்பினார்களோ இல்லையோ, என்னை நம்பினார்கள். புருஷனிடம்கூடச் சொல்லாததெல்லாம் அதில் இருக்கிறது. அதை நீ பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறாய். பாதுகாப்புக்காகவாம்.

பத்தாம் தேதி வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். தேவம்மா ஒருத்திதான் வாய் திறந்தாள். "மறுக்கா சொல்லணுமா சிஸ்டர்? ஒருக்கா சொல்றதுக்கே உசிரு போச்சே." திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்போது ஒவ்வொருத்தியாக வந்து மறுபடி சொல்கிறார்கள். நான் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி, அப்போதைக்கப்போதே கைநாட்டு வாங்கிவிடுகிறேன். நோட்டை எவனும் வந்து மாற்றமாட்டான்.

ராமக்காள் வரவில்லை. கோபிநத்தத்துக்காரி, நீகூடப் பார்த்தாய், கேக் கொடுத்தபோது முந்தானையில் முடிந்துகொண்டாளே, அவள்தான். பத்தாம் தேதியே அவளுக்கு எழுந்து வர முடியவில்லை. பத்தொன்பதாம் தேதி என் வார்டில்தான் செத்தாள். கடைசிவரை ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவள் சொன்னது உன் குப்பையில் மட்டும்தான் இருக்கிறது. கைநாட்டும் இல்லை, மறுபடி சொல்ல ஆளும் இல்லை.

மற்ற முப்பதையும் தொடாதே. ராமக்காள் பைல் ஒன்றை மட்டும் மீட்டு அனுப்பு. கொர்னேலியஸ் அண்ணன் பூட்டுப் போட்டாராம். அவர் எழுத்துருவை என்னிடம் கொடுக்கும்போது, "நல்லா வருதாம்மா, ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். அந்த ஒரு கேள்வி உனக்கு வாயில் வரவில்லையே!

மெட்டில்டா

*

சிங்கப்பூர்,
8.2.1999

அக்காவுக்கு,

மற்ற முப்பது பைல்களையும் திறக்காமலே அழித்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்கு நாள் லீவு போட்டு உட்கார்ந்தேன். ஆம், இதற்கு லீவு கிடைத்தது. நீ கேட்பதற்குமுன் நானே கேட்டுக்கொண்டேன். அப்பாவின் அட்டையை ஒருபக்கம், குப்பைக் குறிகளை ஒருபக்கம் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பொருத்தினேன். முதலில் பொருந்தியது அவர் பெயர். பிறகு பிறந்த தேதி. பிறகு இறந்த தேதி. அந்தத் தேதியில் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். ஆபீஸ் ஆட்களோடு கப்பலில் சுற்றுலா போயிருந்தேன் அக்கா. லீவெல்லாம் அதற்குப் போய்விட்டிருந்தது. உன்னிடம் பொய் சொன்னேன்.

ராமக்காள் சொன்னதை என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். அட்டையில் ஒரு எழுத்து எங்குமே வரவில்லை. அது வருகிற சொற்களை முழுதாகவே விட்டுக் கோடு போட்டிருக்கிறேன். சிலது என்ன என்று ஊகிக்க முடிகிறது. ஜன்னலை அடைத்தவர் பெயர் இருக்கிற இடத்தில் குறிகளே சிதைந்து கிடக்கின்றன; அங்கே 'மேனேஜர்' என்று எழுதிவிடக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. ராமக்காள் யார் பெயரைச் சொன்னாள் என்று உனக்குத்தான் தெரியும்.

"எம்பேரு ராமக்காளுங்க. கம்பெனிக்கு வந்து பதினோரு வருசமாச்சு. மொதல்ல கரித்தூளும் மரத்தூளும்தான் உருட்டுனோம். ரண்டு வருசத்துக்கு முந்தி மஞ்சளா ஒரு பொடி கொண்டாந்தாங்க. தொட்டா கை எரியுமுங்க. இது நல்ல சரக்கு, சீக்கிரம் காயும், உங்களுக்குத்தான் சுளுவுன்னாங்க. அப்பறம் காத்துல பொடி பறக்குதுன்னு ஜன்னலுக்குச் சாக்கு வெச்சு ஆணி அடிச்சாச்சு. அடிச்சது ________. அதுக்கப்பறம்தானுங்க எல்லாத்துக்கும் நெஞ்சுல ________. ராத்திரியெல்லாம் ________, படுக்க முடியாது. எங்களுக்கு நல்லதுன்னா எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமில்லைங்க? மூச்சு எங்களுதுதானே. ஒருத்தரும் கேக்கல."

இந்தக் கடைசி வரி தமிழாக வந்ததும் நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தாலும் அதே வரிதான் இருந்தது.

நீல்

*

மைசூர்,
26.2.1999

நீலுக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. கப்பல் விஷயத்தை மூன்று தடவை படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுதினால் தாள் கிழிந்துவிடும். நேரில் வரும்போது வைத்துக்கொள்கிறேன். அப்பா கடைசி வாரத்தில் வாசற்கதவு சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவார். அதை மட்டும் தெரிந்துகொள்.

கேஸுக்கு முந்தின நாள், ஞாயிறு, எல்லாரையும் கூப்பிட்டு ராமக்காள் சொன்னதைப் படித்தேன். நீ கோடு போட்ட இடங்களில் பின்னால் இருக்கிற இரண்டும் 'வலி'. உனக்கே தெரிந்திருக்கும், இருந்தும் விட்டிருக்கிறாய். முதல் கோடு எனக்கும் நினைவில்லை. நான் அடித்ததுதான், முப்பத்தொன்றில் ஒன்று, மறந்துவிட்டது. அதனால் அவர்களையே கேட்டேன். "ஜன்னலுக்கு ஆணி அடிச்சது யாருன்னு ராமக்காள் சொன்னா? யாருக்காவது தெரியுமா?"

சுவரோரம் இருந்த லிங்கம்மா எழுந்து நின்றாள். முன்பு இரண்டு தடவையும் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனவள்.

"அது எம்பேரு சிஸ்டர். சுத்தியலை எங்கையில குடுத்தது மேனேஜரு. அடிக்கலைன்னா நாளைக்கு வராதேன்னாரு. அடிச்சேன். ராமக்கா என்னைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தா. ஒரு வார்த்தை கேக்கல. இப்ப நான் சொல்றேன், எங்க வேணா வந்து சொல்றேன்."

கூட வேலை பார்க்கும் மல்லம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இருவரும் அழுதார்கள். நான் நோட்டை எடுத்துக்கொண்டேன்.

கைநாட்டு இல்லாததால் ராமக்காள் பேச்சைக் கோர்ட்டில் கொடுக்க முடியாது என்றார் ரவிக்குமார். ஆனால் லிங்கம்மா உயிரோடு இருக்கிறாள். யார் உத்தரவு என்று நேராகச் சொல்லும் சாட்சி இதுவரை ஒன்றுகூட இல்லை, இது போதும் என்றார். ஏப்ரல் 12-க்கு வாய்தா போட்டிருக்கிறார்கள். அன்று அவள் கூண்டேறுவாள்.

உடனே சந்தோஷப்படாதே. இதெல்லாம் உன்னால் நடந்தது என்று ஆபீஸில் கதை சொல்லிக்கொண்டு திரியாதே. நீ கெடுத்ததை அவர்கள் சரிசெய்துகொண்டார்கள், அவ்வளவுதான். ராமக்காளின் கைநாட்டை யாராலும் இனிமேல் வாங்க முடியாது. அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கோட்டில் நீ மேனேஜர் என்று எழுதியிருந்தால் நான் அப்படியே படித்துவிட்டுப் போயிருப்பேன். லிங்கம்மா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று. பெட்டி இப்போது நின்று போவதில்லை. பொய் சொல்ல எனக்கு வராது. பென்குயினை எடுக்கவும் வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். தமிழ்தான் அதில் வரவில்லை. எல்லாருக்கும் திறந்து வைத்தது என்றாயே, அதில் எங்களுக்கும் தமிழில் அடிக்க ஒரு வழி இருக்கிறதா, யாரிடமும் பூட்டு இல்லாத வழி? இருந்தால் எழுது. எது வேண்டும், எது வேண்டாம் என்று நான் பதில் எழுதுகிறேன். அதன்பிறகு வந்து செய்.

அன்புள்ள,
அக்கா