காலியாக இருந்த கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மைக்ரோஸ்கோப்பில் நாற்பத்திரண்டு ஸ்லைடு. கடைசியாக ஒரு சிறுநீர் ஸ்லைடு. பெருத்துக் கறுத்த உட்கருவோடு செல்கள், தனித்தனியாக மிதந்தன. ஆண், வயது 41. படிவத்தில் நோய் விவரம் எழுதும் கட்டம் காலி. 'புற்றுநோய்ச் சந்தேகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பசி வேறு.

மார்ச் 6, வியாழன்

காலை, அரைத்தூக்கம். குளியலறைக் கதவின் மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆள் தெரிகிறது, முகம் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடி மெல்ல வட்டமாகி, மிதந்து, கிட்டே வந்தது — அந்த உட்கரு! புற்றுநோய் என்றால் உள்ளே திட்டுத்திட்டாக இருக்குமே. இது வழவழவென்று ஒரே மங்கல். ஐயோ, என்ன எழுதித் தொலைத்தேன்?

பிற்பகல்

ஸ்லைடை மறுபடி பார்த்தேன். அதே மங்கல். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் வைரஸ் புகுந்த செல் இப்படித்தான் புற்றுநோய் வேஷம் போடும். வார்டுக்குப் போன் செய்தேன்.

"கிட்னி மாத்தி எட்டு மாசம் ஆச்சே டாக்டர். ஃபார்ம்ல எழுதலையா?" என்றார் நர்ஸ்.

எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

நேரில் போனேன். வார்டு வாசல் பெஞ்சில் நோயாளியின் அக்கா. கிட்னி கொடுத்தவர்.

"கிட்னிய எடுத்துடுவாங்களா டாக்டர்? நானே என் தம்பிக்குப் புத்துநோயைக் கொடுத்துட்டேனா?"

"இல்லைங்க. அவசரப்பட்டு எழுதினது நான். இது வைரஸ் மாதிரி இருக்கு. ரத்தத்துலயும் பார்த்துடறோம்."

திட்டியிருக்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

மார்ச் 7, வெள்ளி

திருத்திய அறிக்கை கொடுத்தேன். "ஒரு போன் போட என்ன கேடு உனக்கு?" என்றார் தலைமை டாக்டர்.

மார்ச் 10, திங்கள்

ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது. உடம்பு புதுக் கிட்னியை ஒதுக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை; வைரஸுக்காக அதைக் குறைத்திருக்கிறார்கள். இனி கிட்னி தாங்குமா? தெரியாதாம்.

ஏப்ரல் 2, புதன்

கண்ணை மூடினால் மங்கல் வட்டங்கள்.

மே 19, திங்கள்

அதே ஆளின் ஸ்லைடு. சாதாரண செல்கள், அவை பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தன. அரைமணி நேரம் தேடினேன். மங்கல் உட்கரு ஒன்றுகூட இல்லை.

பிறகுதான் படிவத்தைப் பார்த்தேன். அந்தக் கட்டம் நிரம்பி வெளியேயும் வழிந்திருந்தது. டாக்டர் எழுதியது அல்ல, நீல மையில் பெரிய பெரிய எழுத்து:

'கிட்னி மாத்தி பத்து மாசம். குடுத்தது நான், அக்கா. நல்லா வேலை செய்யுதுன்னு டாக்டர் சொன்னாரு.'