பதின்மூன்றாவது மஞ்சள் பை

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். திருவேங்கடம் ரோட்டுக் கோயில் இலுப்பையில் பை அவிழ்க்கும் வேலை. ஆராய்ச்சிக்காக, மலருமுன் பூங்கொத்துகளை மூடி நான் கட்டிய துணிப்பைகள். வேறு மரத்து மகரந்தம் வராமல் தன் பூவாலேயே காய்க்குமா என்று பார்க்க. புளியங்குடிப் பக்கம் இலுப்பை தோப்பாக நிற்கிறது. இங்கே ஒற்றை மரம்.

ஏணியில் முசுறு எறும்புக் கடி. எண்ணாமல் பிய்த்துச் சாக்கில் திணித்து இறங்கிவிட்டேன். டி.என்.ஏ.வுக்கு இலை எடுத்தாயிற்று. அதை உலர்த்த சிலிக்கா ஜெல் வாங்க வேண்டும்.

மாலை அறையில் பிரித்தேன். என் பை பன்னிரண்டு. ஒன்றிலும் காய் இல்லை, உதிர்ந்த பூதான்.

அதே மஞ்சளில் பதின்மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மரப்பாச்சி. யாரோ பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய தொட்டில்!

வெள்ளைப் பையாகவே கட்டியிருக்கலாம். பூசாரி அண்ணாச்சிதான், "சாமி மரத்துல வெள்ளத் துணி ஆவாது, மஞ்சள்ல முக்கிக் கட்டுங்க" என்றார். நானும் நல்ல பிள்ளையாக முக்கினேன்.

ஏப்ரல் 8, புதன்

யாருடையது என்று தெரிந்துவிட்டது. கீழ்வீட்டில் இட்லி சாப்பிடும்போது என் இலுப்பை வேலையைப் பற்றிப் பேச்சு வர, வீட்டுக்காரம்மாவின் மருமகள் செல்வி தானாகவே சொன்னாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

"அந்த இலுப்பையிலதாங்க்கா நாங்களும் தொட்டில் கட்டிருக்கோம். உள்ள மரப்பாச்சி. அவுக ஏறி ஒசரத்துல கட்டுனாவ."

மாமியார்: "பிள்ள பெறந்த பொறவு இவ கையாலதான் அவுக்கணும். அதுக்கு முன்ன அடுத்தவ கை படப்பிடாது."

பாதி இட்லியோடு எழுந்து கை கழுவினேன்.

மதியம் பஸ் பிடித்து ஓடினேன். ஏணி இருந்த அறை பூட்டு. தொட்டிலைக் கைக்கு எட்டிய கொப்பில் கட்டினேன். முடிச்சு மூன்று முறை நழுவியது. யாரும் பார்க்கவில்லை. தாவரவியல் படித்தவள், விழுந்து கும்பிட்டேன். பயம், வேறென்ன.

ஏப்ரல் 10, வெள்ளி

செல்வி கோயிலுக்குக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன், விடவில்லை.

மரத்தடியில் தன் தொட்டிலைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். "ஒசரத்துலல்லா கட்டுனாவ! எப்படி இங்கன வந்துச்சு?"

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"எனக்கு எட்டணும்னு சாமியே எறக்கித் தந்திருக்குக்கா!" அழுதாள். என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே லேசான அசைவு.

"நாளைக்கு ஸ்கேன். நீங்களும் வாங்கக்கா. சாமி மரத்தத் தொட்ட கைல்லா இது."